உள்ளானுக்கு ரெண்டு ஊர்

போன நவம்பர்ல என் காலேஜ் நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பினான். ஆர்க்டிக் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபி டூர். நார்வேயோட வட முனைக்கு எட்டு நாள் பயணம். கலைமான், சீல், பனிப்பரப்புல உட்கார்ந்திருக்கிற ஆந்தைன்னு வரிசையா படங்கள். கடைசியில, தொலைதூர மீனவக் கிராமம் ஒண்ணுல ரெண்டு ராத்திரி தங்கலாம்னு ஒரு வரி. விலையைப் பார்த்தேன். என்னோட நாலு மாசச் சம்பளம். "கடன் வாங்கியாவது போயிடலாம்டா"ங்கிறான் அவன்.

நான் அப்போ கண்டாச்சிபுரத்துல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ணிட்டிருந்தேன். மீட்டிங்ல யாரோ ஸ்லைடு காட்டிட்டு இருந்தாங்க, நான் மைக்கை மியூட்ல போட்டுட்டு அந்தப் பக்கத்தைக் கீழே உருட்டினேன். அங்க பார்க்கக் கிடைக்கிற பறவைகளோட பட்டியல் இருந்துச்சு. அதுல ஒரு பேர்: லிட்டில் ஸ்டின்ட்.

தமிழ்ல அது கொசு உள்ளான். எங்க ஊர் ஏரியில இருக்கிற பறவைங்க அது!

தை மாசத்துக்கு மேல ஏரித் தண்ணி வத்தி, உள்வாயில சேறு தெரிய ஆரம்பிச்சதும், சிட்டுக்குருவி சைஸ்ல சாம்பல் கலர்ல ஒரு கூட்டம் வந்து இறங்கும். தையல் மெஷின் ஊசி மாதிரி மூக்கால குத்திக்கிட்டே ஓடும். இதைப் பார்க்க நாலு மாசச் சம்பளம் கொடுத்து நார்வே போகணுமான்னு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு.

சிரிப்புக்குப் பின்னாடியே இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. நான் அந்தப் பறவையைச் சாப்பிட்டிருக்கேன். எனக்கு ஏழு, எட்டு வயசு இருக்கும். தாத்தா ஒரு துணிப்பையில கொண்டு வருவார். மிளகு போட்டு வறுத்து, எலும்போட கடிக்கிற மாதிரி. எங்க பக்கத்துல "உள்ளான்"னு சொன்னாலே பாதிப் பேருக்குப் பறவை ஞாபகம் வராது, வறுவல்தான் ஞாபகம் வரும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அப்பவே குத்தம். எங்க வீட்ல யாருக்கும் அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் தாத்தா கேட்டிருப்பாரான்னு எனக்குச் சந்தேகம்தான்.

சரி, இந்த எபிசோட் தாத்தாவைப் பத்தினது இல்லை. அந்த மீட்டிங் முடிஞ்சதும் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இந்தப் பறவை ஆர்க்டிக்ல முட்டையிட்டு இங்க வருதுன்னு முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க? யார் அங்கே போய்ப் படம் எடுத்தாங்க? தேடிப் போனா, 1914-ல கேமராவைத் தூக்கிக்கிட்டு ஒரு ஆர்க்டிக் கிராமத்துக்குப் போன 25 வயசுப் பொண்ணுகிட்ட போய் நிக்கிறேன். அவங்க கதைதான் இன்னிக்கு.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னணி. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பறவை ஆர்வலர்களுக்கு ஒரு பெரிய புதிர் இருந்துச்சு. வசந்த காலத்துலயும் இலையுதிர் காலத்துலயும் அவங்க கடற்கரை வழியா சில உள்ளான் வகைகள் கூட்டம் கூட்டமா கடந்து போகும். வடக்கே போகுதுன்னு தெரியும். வடக்கே எங்க? யாருக்கும் சரியா தெரியாது. கூடு எங்க, முட்டை என்ன நிறம், ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு ஒரு கம்பெனி ரகசியத்துக்கு எவ்வளவு மதிப்போ, அன்னிக்கு அந்த முட்டைக்கு அவ்வளவு மதிப்பு.

ஹென்றி சீபோம்னு ஒருத்தர். இங்கிலாந்துல ஷெஃபீல்டு நகரத்துல ஸ்டீல் தொழில் நடத்தினவர். 1875-ல ஜான் ஹார்வி-பிரவுன்ங்கிற நண்பரோட ரஷ்யாவோட பெச்சோரா ஆத்துக்குப் போனார். அங்கிருந்து கொசு உள்ளானோட முட்டைகளோட திரும்பினாங்க. ஆனா இன்னொரு பறவை ஏமாத்திடுச்சு: கர்ல்யூ சாண்ட்பைப்பர். வளைஞ்ச மூக்கு உள்ளான்னு வெச்சுக்கங்க. இதுவும் நம்ம ஆளுதான். கோடியக்கரையிலயும் பழவேற்காட்டுலயும் மரக்காணம் பக்கமும் குளிர்காலத்துல பார்க்கலாம். சீபோம் 1877-ல மறுபடியும், இந்த முறை சைபீரியாவோட யெனிசெய் ஆத்துக்கே போனார். அப்பவும் கிடைக்கலை. இருபது வருஷம் கழிச்சு, 1897-ல ஹியூ பொஃபம்ங்கிற இன்னொரு ஆங்கிலேயர்தான் யெனிசெய் முகத்துவாரத்துல அந்தக் கூட்டைக் கண்டுபிடிச்சார்.

கண்டுபிடிச்சார்னு சொல்றேன். அந்தக் காலத்துல கண்டுபிடிக்கிறதுன்னா, முட்டையை எடுத்துப் பெட்டியில வைக்கிறது. பறவையைச் சுட்டுத் தோலை உரிச்சு மியூசியத்துக்கு அனுப்புறது. ஆதாரம்னா அதுதான் ஆதாரம். எங்க தாத்தா வறுத்தார், அவங்க பஞ்சு வெச்சுத் தைச்சாங்க. பறவை பக்கத்துல இருந்து பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை.

இப்பதான் நம்ம ஆள் வர்றாங்க. பேர் மாட் ஹேவிலண்ட். 1889-ல பிறந்தவங்க. 1914-க்கு முன்னாடியே பறவைகள் பத்திப் புத்தகம் எழுதியிருந்தாங்க. பல்கலைக்கழகப் பட்டம், ஆராய்ச்சி நிறுவனம், எதுவும் அப்போ பின்னாடி கிடையாது. 1914-ல மரியா சாப்லிட்ஸ்காங்கிற போலந்து நாட்டு மானுடவியலாளர் ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து சைபீரியாவுக்கு ஒரு குழுவோட கிளம்பினார். குழுவுல நாலே பேர். சாப்லிட்ஸ்கா, பென்சில்வேனியா பல்கலைக்கழக மியூசியத்தைச் சேர்ந்த ஹென்றி அஷர் ஹால், டோரா கர்ட்டிஸ்ங்கிற ஓவியர், பறவைகளுக்காக ஹேவிலண்ட். எண்ணிப் பாருங்க, நாலுல மூணு பேர் பெண்கள். பிரிட்டன்ல பெண்களுக்கு அப்போ ஓட்டுரிமைகூட இல்லை.

ரயில்ல சைபீரியாவைப் பாதி கடந்து கிராஸ்னயார்ஸ்க். அங்கிருந்து யெனிசெய் ஆத்துல ஸ்டீமர். ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல வடக்கே, வடக்கே, வடக்கே. காடு குட்டையாகி, குட்டையாகி, ஒரு கட்டத்துல மரமே இல்லாம போகும். அதுதான் துந்திரா. ஆறு கடலோட கலக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் குடியிருப்பு. கோல்சிகா. சில மரவீடுகள், மீன் வியாபாரிகள், கோடைக்கு மட்டும் வந்து போற மீனவர்கள். சுத்தி நென்யெட்ஸ், டோல்கன் மக்கள், கலைமான் மந்தையோட வந்து கூடாரம் போட்டு, பருவம் மாறினா கிளம்பிடுவாங்க.

நான் சாஃப்ட்வேர்க்காரன். ஊர் பேரைக் கேட்டதும் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து தூரம் கணக்குப் போட்டேன். கண்டாச்சிபுரம் கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கு, 79 டிகிரி கிழக்கு. கோல்சிகா கிட்டத்தட்ட 72 டிகிரி வடக்கு, 83 டிகிரி கிழக்கு. தீர்க்கரேகையில வித்தியாசம் வெறும் நாலு டிகிரி! எங்க வீட்டு மாடியில நின்னு வடதுருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேரா நடந்தா, வழியில திபெத், கஜகஸ்தான் எல்லாம் தாண்டி, சுமார் 6,600 கிலோமீட்டர்ல, கோல்சிகா கிட்ட போய் முட்டும். லண்டன்ல இருந்து வந்த ஹேவிலண்டுக்கு அது உலகத்தோட மூலை. எங்க ஏரிக்கு அது நேர் மேலே இருக்கிற ஊர்.

ஜூலை மாசம் அங்கே சூரியன் மறையாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் படம் எடுக்கலாம். போட்டோகிராஃபருக்குச் சொர்க்கம்னு தோணுது இல்லையா? ஆனா கொசு. துந்திராவுல கோடை வந்தா கொசு மேகம் மாதிரி வரும். மேலே உருகின தண்ணி, கீழே உறைஞ்ச மண், தண்ணி இறங்க வழியே கிடையாது. பூரா ஈரம், பூரா சேறு. உள்ளானுக்கு அந்தப் பூச்சிகள்தான் சாப்பாடு. அதுங்க அவ்வளவு தூரம் போறதே அதுக்குத்தான். மனுஷனுக்குத்தான் கஷ்டம்.

கேமராவும் இன்னிக்கு மாதிரி கிடையாது. நம்ம ஊர் பறவைக் குரூப்ல 600 எம்எம் லென்ஸ் இல்லைன்னா வெளிய வரவே கூச்சப்படுறாங்க. 1914-ல ஒரு புறா சைஸ்கூட இல்லாத பறவையைப் படத்துல பறவை மாதிரி காட்டணும்னா, சில அடி தூரத்துல இருக்கணும். கனமான பெட்டி, அந்தக் காலத்துல பெரும்பாலும் கண்ணாடித் தகடுகள். ஒரு தகடு, ஒரு ஷாட். டெலிட் பட்டன் கிடையாது.

அதுக்கும் முன்னாடி கூட்டைக் கண்டுபிடிக்கணும். வளைஞ்ச மூக்கு உள்ளானோட கூடு ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். நாலு முட்டை. முட்டை மேல புள்ளி புள்ளியா, பாசியோட பாசியா கலந்துடும். மிதிச்சாத்தான் தெரியும், மிதிச்சா முடிஞ்சது. ஒரே வழி, தூரத்துல படுத்துக் காத்திருக்கிறது. எழுந்து போன தாய் பயம் தெளிஞ்சு திரும்பி வந்து எங்க உட்காருதுன்னு பார்க்கிறது. மணிக்கணக்கா, ஈரத்துல, கொசுவோட. தாய்னு சொன்னது சும்மா இல்லை. இந்த இனத்துல ஆண் பறவை ஜோடி சேர்ந்த சில வாரத்துலயே தெற்கே கிளம்பிடும். அடைகாக்கிறது, குஞ்சு பார்க்கிறது, எல்லாம் பெண்தான்.

ஹேவிலண்ட் கோல்சிகாவுல அந்தக் கூட்டைக் கண்டுபிடிச்சார். அடைகாக்கிற தாயைப் படம் எடுத்தார். கொசு உள்ளான், பொன்னிற உப்புக்கொத்தி, இதுகளோட இனப்பெருக்கத்தையும் கவனிச்சுக் குறிப்பெடுத்தார். 1915-ல பிரிட்டிஷ் பேர்ட்ஸ் இதழ்ல ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனிக் கட்டுரையா அது வெளிவந்துச்சு. அதே வருஷம் யெனிசெய்ல கழிச்ச அந்தக் கோடையைப் பத்திப் புத்தகமும் வந்துச்சு.

இந்த மூணு பறவையும் குளிர்காலத்துல தமிழ்நாட்டுக் கரையில இருக்கு. அதை யோசிச்சா எனக்கு இன்னமும் கொஞ்சம் சிலிர்க்குது. நாம பார்க்கிற உள்ளான் எப்பவும் சாம்பல் கலர். அது அதோட ஆஃபீஸ் யூனிஃபார்ம் மாதிரி. ஹேவிலண்ட் பார்த்தது செங்கல் சிவப்பு. முகத்துல இருந்து வயிறு வரைக்கும் அந்தச் சிவப்பு. படம் கறுப்பு வெள்ளை, அதனால அந்தச் சிவப்பு படத்துல இல்லை. கண்ணால பார்த்தவங்களுக்கு மட்டும்தான் அது.

இதுக்கு நடுவுல உலகம் மாறிடுச்சு. அவங்க துந்திராவுல இருக்கும்போதே ஆகஸ்ட்ல முதல் உலகப் போர் ஆரம்பிச்சது. கோடை முடிஞ்சதும் ஹேவிலண்டும் கர்ட்டிஸும் ஊர் திரும்பினாங்க. சாப்லிட்ஸ்காவும் ஹாலும் அங்கேயே தங்கி, ஈவெங்கி மக்களோட ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழிச்சாங்க.

இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லாம இருக்க முடியலை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துல இருந்த எண்ணெய் டேங்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்தினது நமக்கெல்லாம் தெரியும். எம்டன்ங்கிற வார்த்தையே தமிழ்ல தங்கிப்போச்சு. அந்த வருஷம் யெனிசெய் கரையில பொரிஞ்ச குஞ்சுகள் தென்னிந்தியக் கரைக்கு வந்து சேர்ற மாசமும் செப்டம்பர்தான். ஹேவிலண்ட் கேமராவுக்கு முன்னாடி முட்டையா இருந்த ஏதாவது ஒண்ணு அன்னிக்கு எண்ணூர் பக்கம் சேத்துல நின்னுக்கிட்டு வானம் சிவக்கிறதைப் பார்த்திருக்கலாம். நிரூபிக்க முடியாது. ஆனா சாத்தியமே இல்லைன்னும் யாரும் சொல்ல முடியாது.

அந்தக் குஞ்சுகள் வர்ற விதம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்பா முதல்லயே கிளம்பிட்டார். அம்மாவும் குஞ்சுங்களுக்கு முன்னாடியே கிளம்பிடும். குஞ்சுங்க பொரிஞ்ச அன்னிக்கே தானா நடந்து, தானா இரை எடுக்கும். சில வாரத்துல தானா பறந்து, எந்தப் பெரியவங்களும் கூட்டிட்டுப் போகாம, பார்த்தே இராத ஒரு ஊருக்கு வந்து சேரும். டாக்குமெண்டேஷன் கிடையாது, சீனியர் கிடையாது, ஆன்போர்டிங் கிடையாது. எல்லாம் உள்ளேயே எழுதியிருக்கு.

எத்தனை குஞ்சு வரும்ங்கிறதை யார் முடிவு பண்றாங்க தெரியுமா? ஒரு எலி. லெமிங்னு துந்திராவுல வாழ்ற சின்ன எலி. சில வருஷம் அது ஏகத்துக்குப் பெருகும். அப்போ ஆர்க்டிக் நரி லெமிங்கையே சாப்பிட்டு வயிறு ரொம்பிக் கிடக்கும், உள்ளான் கூட்டைச் சீண்டாது. அடுத்த வருஷம் லெமிங் கூட்டம் சரிஞ்சுடும், நரி மட்டும் நிறைய இருக்கும், பசியோட. அந்த வருஷம் முட்டையும் தப்பாது, குஞ்சும் தப்பாது. தென்னாப்பிரிக்காவுல குளிர்காலத்துக்கு வந்த உள்ளான்கள்ல இளம் பறவைகள் எத்தனைன்னு வருஷா வருஷம் எண்ணிப் பார்த்தவங்க இந்த ஏத்த இறக்கத்தைக் கவனிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட மூணு வருஷத்துக்கு ஒரு சுழற்சி. தைமிர் தீபகற்பத்துல எலி குட்டி போட்டா ஆப்பிரிக்காவுல பறவை கூடுது. இங்கேயும் அப்படித்தான் இருக்கணும். எங்கியோ ஒரு சர்வர்ல நடக்கிறது இன்னொரு கண்டத்துல இருக்கிற போன்ல தெரியிற மாதிரி.

ஹேவிலண்ட் கதையில ஒரு விஷயம் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. அதையும் சொல்லிடறேன். நாலு பேர் பயணம்னு சொன்னேன் இல்லையா? அந்த நாலு பேரும் கோல்சிகாவுல ஒரு நாள்கூடத் தனியா தாக்குப்பிடிச்சிருக்க முடியாது. ஸ்டீமரை ஓட்டினவங்க, மீன் கொடுத்தவங்க, தங்க இடம் கொடுத்தவங்க, எந்தச் சதுப்புல கால் வைக்கலாம், எதுல வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க. அந்த மக்களுக்கு இந்தப் பறவை எங்க முட்டையிடும்ங்கிறது புதிரே கிடையாது. சீபோம் ரெண்டு தடவை கடல் கடந்து தேடின ரகசியம் அங்கே கலைமான் மேய்க்கிற ஒரு பையனுக்குத் தினசரி வழியில கிடக்கிற விஷயமா இருந்திருக்கும். ஆனா அறிவியல் வரலாற்றுல கண்டுபிடிச்ச வருஷம் 1897.

இது சைபீரியாவுல மட்டும் நடந்தது இல்லை. நம்ம கோடியக்கரைக்கு வருவோம். இந்தப் பறவைகள் உண்மையிலயே எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு இங்கே நிரூபிக்க ஒரு வழி கால்ல வளையம் மாட்டுறது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சலீம் அலி தலைமையில 1960-கள்ல அதைப் பெரிய அளவுல செஞ்சது. சின்ன அலுமினிய வளையம், அதுல ஒரு நம்பர், பம்பாய் சங்கத்துக்குத் தகவல் சொல்லுங்கன்னு ஒரு வரி. கோடியக்கரையில ஆயிரக்கணக்கான உள்ளான்களுக்கு இப்படி வளையம் மாட்டினாங்க.

பறவைக்கு அடிபடாம பிடிக்கிறது யாரு? பட்டம் வாங்கினவங்களால அது முடியலை. பீகார்ல இருந்து மிர்ஷிகார்னு சொல்லப்படுற பரம்பரைப் பறவை வேட்டைக்காரர்களைச் சங்கம் கூட்டிட்டு வந்துச்சு. அவங்கள்ல அலி ஹுசைன்ங்கிறவர் ரொம்பப் பிரபலம். தலைமுறை தலைமுறையா விக்கிறதுக்காகப் பறவை பிடிச்ச கை, இப்போ பிடிச்சு, வளையம் மாட்டி, பறக்க விட்டுச்சு. எனக்கு இந்த இடத்துல தாத்தா ஞாபகம் வந்துடுது. எந்த வரப்புல, எந்த நேரத்துல, காத்து எந்தப் பக்கம் அடிக்கும்போது உள்ளான் இறங்கும்னு அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு எங்க ஊர்ல இருந்த ஒரே பயன் வறுவல்தான். வேற யாராவது வேற ஏதாவது கேட்டிருந்தா, வேற மாதிரி சொல்லியிருப்பாரோ என்னவோ.

நார்வே டூருக்கு நான் போகலை. அதுக்குப் பதிலா ஜனவரியில ஒரு சனிக்கிழமை, விடியறதுக்கு முன்னாடியே பைக்ல கிளம்பி, விழுப்புரம், திண்டிவனம் வழியா மரக்காணம் பக்கம் போனேன். கழுவேலி. தென்னிந்தியாவோட பெரிய உவர்நீர் ஏரிகள்ல ஒண்ணு, நம்ம விழுப்புரம் மாவட்டத்துலதான் இருக்கு. வானூர், மரக்காணம் தாலுக்காக்கள்ல பரந்து கிடக்கு. மழைத்தண்ணி மேற்கே இருந்து வரும், கடல்தண்ணி உப்புக்கழி வழியா கிழக்கே இருந்து வரும். 2021 டிசம்பர்ல அரசு இதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சது, 5,000 ஹெக்டேருக்கு மேல. 2024-ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. பாண்டிச்சேரிக்கு வீக்கெண்டு போற சென்னை ஆட்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் இதைத் தாண்டித்தான் போறீங்க. அந்தத் தொண்ணூறு என் சொந்த மதிப்பீடு, கோவிச்சுக்காதீங்க.

வாடகைக்கு எடுத்த லென்ஸ். ஒரு நாளைக்குத்தான் வாடகை. தூரத்துல சேத்துல ஒரு கூட்டம், நூறு இருக்கலாம். கொசு உள்ளான், நடுவுல அங்கங்க வளைஞ்ச மூக்கு. படம் சின்னதா வந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டு இறங்கினேன். நாப்பது அடி போனதும் மொத்தமா எழுந்து ஒரு சுத்து சுத்தி இன்னும் தள்ளி உட்கார்ந்துச்சு. நானும் போனேன். மறுபடி எழுந்துச்சு. இப்படி நாலு தடவை. எனக்கு ஒரு நல்ல படம் வேணும், இன்ஸ்டாகிராம்ல போடணும், அவ்வளவுதான் மண்டையில.

கரையில வலையைச் சரி பண்ணிட்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, இங்க வாப்பா. இன்னா பண்ற நீ?"

"போட்டோ எடுக்கிறேங்க, ஐயா."

"அதுங்க துன்ன வந்துக்குதுங்க. நீ துன்னவே விடமாட்டேங்கிறியே."

அப்புறம்தான் படிச்சேன். வடக்கே கிளம்புறதுக்கு முன்னாடி இந்த உள்ளான்கள் சாப்பிட்டுச் சாப்பிட்டு எடையைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆக்கும். வழக்கமான எடையே அம்பது, அறுபது கிராம்தான். அந்தக் கொழுப்புதான் 6,600 கிலோமீட்டருக்குப் பெட்ரோல். நான் எழுப்பி விட்ட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெட்ரோலைக் கீழே கொட்டியிருக்கேன். தாத்தா துணிப்பையில கொண்டு வந்தார். நான் மெமரி கார்டுல கொண்டு வரப் பார்த்தேன்.

இது சின்ன விஷயம் இல்லை. 2024-ல உலக அளவிலான சிவப்புப் பட்டியல்ல வளைஞ்ச மூக்கு உள்ளானை அழிவாய்ப்பு இனமா ஒரு படி மேலே ஏத்தியிருக்காங்க. கோடியக்கரையிலயே பழைய எண்ணிக்கை இப்போ இல்லை. உப்பளம், இறால் பண்ணை, தண்ணியோட உப்புத்தன்மை மாறுறதுன்னு காரணம் வரிசையா இருக்கு. அந்தப் பக்கம் துந்திரா சூடாகுது. தைமிர் பகுதியில இருக்கிற நோரில்ஸ்க்ல 2020 மே மாசம் ஒரு டேங்க் உடைஞ்சு, சுமார் 20,000 டன் டீசல் கொட்டி, ஆறு சிவப்பா ஓடினதைச் செய்தியில பார்த்திருப்பீங்க. ரெண்டு வீடு இருக்கிறவனுக்கு ரெண்டு வீட்லயும் பிரச்சினை வரும்.

ஹேவிலண்ட் பத்தி ஒரு வார்த்தை பாக்கி. ஊருக்குத் திரும்பினவர் பின்னாடி கேம்பிரிட்ஜ்ல விலங்கியல் படிச்சு, பூச்சிகள் பக்கம் திரும்பி, 1922-ல தென்னமெரிக்காவுல பிரிட்டிஷ் கயானா காடு வரைக்கும் போனார். 1926-ல காடு, ஸ்டெப்பி, துந்திரா மூணையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். 1941-ல இறந்தார். சாப்லிட்ஸ்கா 1916-ல ஆக்ஸ்ஃபோர்டோட முதல் பெண் மானுடவியல் விரிவுரையாளர் ஆனார். அந்த வேலையும் நிலைக்கலை, 1921-ல 36 வயசுல இறந்துட்டார். அவரைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் பண்ணணும்.

ஏப்ரல்ல மறுபடி கழுவேலி போனேன். லென்ஸ் எடுக்கலை, கடன் வாங்கின பைனாகுலர் மட்டும். கரை மேலேயே உட்கார்ந்துட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு. கூட்டம் தானா மேஞ்சுக்கிட்டே கிட்ட வந்துச்சு. அதுல ஒண்ணு ரெண்டு பறவைக்கு நெஞ்சுல அங்கங்க சிவப்பு ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. சுவத்துல பழைய பெயின்ட் உரிஞ்சு உள்ளே செங்கல் தெரியுமே, அந்த மாதிரி. ஜூன்ல யெனிசெய் கரையில அது முழுச் சிவப்பா நிக்கும்.

அதே பெரியவர் வந்து பக்கத்துல உட்கார்ந்தார். பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இதுங்க எந்த ஊரு தம்பி?"ன்னார்.

சொன்னேன். ரஷ்யா, வடக்குக் கடைசி, கோல்சிகான்னு ஒரு ஊர்.

"அங்க ஏரி இருக்கா?"

"நிறைய இருக்குங்க. ஆனா வருஷத்துல முக்கால்வாசி நாள் ஐஸா கிடக்கும்."

"அப்புறம் இங்க வராம இன்னா பண்ணும்"னு சொல்லிட்டு, பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துட்டு, வலையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்.